ஒரே வானூர்தி, பல விலை

நுழையுமுன்

பீன்யா, ஜாலஹள்ளி, தாசரஹள்ளி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊர் ஒன்றல்ல. பிறந்த ஊர் தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும். பிழைக்கும் ஊர் பெங்களூரு. உடன்பிறந்தாருள் ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவின் கிள்ளானிலோ இருப்பார். அவரைக் காணச் செல்ல வேண்டிய நாள் வரும்போது, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் என்ற முறையில் வீட்டார் கைப்பேசியை உங்களிடமே நீட்டுகின்றனர். ஓர் ஆண்டுச் சேமிப்பு அந்த ஒரு விரல் தொடுதலில் செலவாகிறது. அப்பொறுப்பை அறிந்து செய்வதற்கு உதவும் பாடம் இது.

காற்றும் கட்டணமும்

கிழக்கு நோக்கிய வழி தமிழர்க்குப் புதிதன்று. புகார்த் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களை அடுக்கிக் கூறும் பட்டினப்பாலை, ஈழத்தையும் காழகத்தையும் குறிப்பிடுகிறது. முதலாம் இராசேந்திரன் கி.பி. 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். அக்கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதி. பாய்மரக்கலங்கள் பருவக்காற்றை நம்பியே புறப்பட்டன. காற்றுத் திசை மாறும்வரை வேற்றுக்கரையில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பதே அக்காலப் பயணத்தின் பெருஞ்செலவு.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் நிலை ஒழிந்தது. கட்டணத்துக்குக் காத்திருக்கும் நிலை தொடங்கியது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்றுவந்தது. அறை எடுக்க வசதியற்றோர் மேல்தளத்தில் பாய் விரித்து, தம் மூட்டையைத் தலையணையாகக் கொண்டு பயணம் செய்தனர். அவர்களுக்கு 'டெக் பயணிகள்' என்று பெயர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளில் இக்கப்பலின் பெயர் இன்றும் இடம்பெறுகிறது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் அத்தடத்தில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றி எரிந்தது. அதன்பிறகு கிழக்கே செல்வோர்க்கு வானமே வழி என்றாயிற்று. ஆனால், வானூர்திக் கட்டணமோ டெக் பயணியின் கைக்கு எட்டாததாக இருந்தது.

(கடல்வழி அறவே அற்றுப்போகவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கி வைக்கப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.)

பெங்களூருவில் நடந்த புதுமை

'சூரரைப் போற்று' திரைப்படத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். 2020இல் வெளிவந்த அப்படத்தின் நாயகன் மதுரைப் பக்கத்துச் சோழவந்தானைச் சேர்ந்தவனாகக் காட்டப்படுகிறான். அக்கதைக்கு மூலமான நிகழ்ச்சிகளோ நீங்கள் வாழும் இந்நகரத்தில் நடந்தவை. ஹாசன் மாவட்டத்துக் கொரூரைச் சேர்ந்த கோபிநாத், இராணுவத்தில் கேப்டனாகப் பணியாற்றியபின் ஊர் திரும்பி வேளாண்மை செய்தார், பட்டுப்புழு வளர்த்தார், பிறகு உலங்கூர்திகளை வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கினார். 2003 ஆகஸ்டில், பெங்களூருவை மையமாகக் கொண்டு ஏர் டெக்கான் என்னும் நிறுவனத்தைப் பறக்க விட்டார். தேவனஹள்ளி நிலையம் அப்போது இல்லை. பழைய விமான நிலையச் சாலையிலுள்ள எச்.ஏ.எல். நிலையமே நகரின் வானூர்தி நிலையம்.

அந்நிறுவனம் தொடக்கத்தில் பயன்படுத்தியவை ஏறத்தாழ 48 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். வகைச் சிறு வானூர்திகள். உணவு இலவசமாகத் தரப்படவில்லை. அச்சிட்ட சீட்டு இல்லை. ஓர் எண்ணே சீட்டு. பெட்ரோல் விற்பனை நிலையங்களில்கூடச் சீட்டு விற்றனர். முதலில் வாங்குவோர் சிலருக்கு ஒரு ரூபாய்க்கே இருக்கை கிடைத்தது, வரி தனி. மைசூருவில் பிறந்த ஓவியர் ஆர்.கே. லட்சுமண் வரைந்த, கட்டம் போட்ட சட்டை அணிந்த 'பொதுமனிதர்' அந்நிறுவனத்தின் அடையாளச் சின்னம் ஆனார். இதைவிடப் பொருத்தமான சின்னம் வேறெந்த வானூர்தி நிறுவனத்துக்கும் அமைந்ததில்லை என்பேன்.

ஏர் டெக்கான் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2007இல் கிங்ஃபிஷர் அதன் பங்குகளை வாங்கியது. 2008இல் பழைய பெயரும் மறைந்தது. 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது. ஆயினும், தொடர்வண்டியில் செல்பவரும் வானில் செல்லலாம் என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றிவிட்டது.

இதே காலத்தில் மலேசியாவிலும் ஒன்று நிகழ்ந்தது. கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியா நிறுவனத்தை 2001இல் டோனி பெர்னாண்டஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரே ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினர். அதனுடன் ஏறத்தாழ நான்கு கோடி ரிங்கிட் கடனும் அவர்கள் தலையில் ஏறியது. அந்நிறுவனம் இந்தியாவுக்குப் பறக்க முடிவு செய்தபோது 2008 டிசம்பரில் வந்திறங்கிய ஊர் டெல்லியோ மும்பையோ அன்று, திருச்சிராப்பள்ளி. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து மலேயா சென்றவர்களின் வழித்தோன்றல்கள் எத்தனை பேர் என்பதை அந்நிறுவனம் கணக்கிட்டிருக்க வேண்டும். திருச்சி நகரின் அளவைவிடப் பெரிய வானூர்திப் போக்குவரத்து அங்கு இன்றும் நடைபெறக் காரணம் இந்த உறவே. 2024 ஜனவரியில் அங்குப் புதிய முனையமும் திறந்து வைக்கப்பட்டது.

கீரையும் இருக்கையும்

மலிவுக் கட்டண நிறுவனம் எவ்வாறு விலையைக் குறைக்கிறது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம் இதற்கு வழிகாட்டி. அதனிடம் நான்கு வானூர்திகளே இருந்தன. பண நெருக்கடியால் ஒன்றை விற்க நேர்ந்தது. மூன்று வானூர்திகளைக் கொண்டு நான்கின் வேலையைச் செய்வது எப்படி? தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தனர். வானூர்தி பறக்கும்போதுதான் சம்பாதிக்கிறது. நிற்கும்போது செலவு வைக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேலை செய்யும் பட்டறையில் கடைசல் எந்திரம் சும்மா நின்றால் முதலாளி முகம் சுருங்குவது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அதே கணக்குத்தான் இது. ஒரே வகை வானூர்தியை மட்டும் வைத்துக்கொண்டால் உதிரிப்பாகமும் பயிற்சியும் ஒரே வகையாக முடிந்துவிடும். ஓட்டுநருக்குப் பேருந்து வகைதோறும் புதுப்பயிற்சி தரவேண்டியிருந்தால் போக்குவரத்துக் கழகத்தின் பாடு என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். உணவு, பொதி, விரும்பிய இருக்கை ஆகியவற்றைச் சீட்டிலிருந்து பிரித்துத் தனித்தனியே விற்பது அடுத்த உத்தி.

இவையெல்லாம் செலவைக் குறைக்கும் வழிகள். ஒரே வானூர்தியில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவருள் ஒருவர் ஆறாயிரமும் மற்றவர் பதினாறாயிரமும் கொடுத்திருப்பதற்கு வேறு காரணம் உண்டு.

யஷ்வந்தபுரம் சந்தையில் மாலையில் கீரை விலை இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மறுநாள் வாடிவிடும் என்பதால் விற்பவர் விலையைக் குறைக்கிறார். வானூர்தி இருக்கையும் கீரையைப் போன்றதே; வண்டி கிளம்பியபின் காலி இருக்கைக்கு மதிப்பில்லை. அப்படியானால் கடைசி நாளில் விலை இறங்கவேண்டுமே? பெரும்பாலும் ஏறுகிறது. ஏனெனில், கடைசி நாளில் வாங்க வருபவர் விலை பேசும் நிலையில் இருப்பதில்லை. நாளைக் காலைக் கூட்டத்துக்குச் செல்லும் அலுவலர் ஒருவர். அவருக்கு நிறுவனம் பணம் கொடுக்கும். தந்தையின் உடலைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விரையும் தொழிலாளி மற்றொருவர். அவருக்குக் கொடுக்க யாரும் இல்லை. கணினி இருவரையும் வேறுபடுத்தி அறியாது. துக்க வீட்டுக்குச் செல்பவரே மிகுதியான கட்டணம் செலுத்தும் இம்முறையை அறமென்று என்னால் சொல்ல இயலாது. ஆயினும், முறை அதுவே. அதை அறிந்திருப்பது நலம்.

இக்கணக்கை முறையாக வளர்த்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். மலிவுக் கட்டணப் போட்டி நிறுவனம் ஒன்று தன் பயணிகளை ஈர்த்துச் சென்றபோது, 1985இல் அது சில இருக்கைகளுக்கு மட்டும் மிகக் குறைந்த விலை வைத்தது. மற்ற இருக்கைகளைப் பழைய விலையிலேயே விற்றது. எந்த நாளில் எத்தனை இருக்கைகளைக் குறைந்த விலையில் விடலாம் என்பதைக் கணினி முடிவு செய்தது. போட்டியாளர் சில ஆண்டுகளில் மறைந்துபோனார். இன்று உலகெங்கும் அதுவே வழக்கம்.

180 இருக்கைகள் கொண்ட வானூர்தி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்விருக்கைகள் பல கூடைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதற்கூடையில் விலை குறைவு. அது தீர்ந்தால் அடுத்த கூடை திறக்கும். இருக்கையில் வேறுபாடு இல்லை, கூடையில்தான் வேறுபாடு. இதிலிருந்து நம் வீட்டுக்குப் பயன்படும் உண்மை ஒன்று பிறக்கிறது. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது, மலிவுக் கூடையில் இரண்டு இருக்கைகளே எஞ்சியிருந்தால், பெரும்பாலான தளங்கள் நால்வருக்கும் அடுத்த கூடையின் விலையையே காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு என மாற்றித் தேடிப் பார்த்தால் அம்மலிவு இருக்கைகள் வெளிப்படும்.

தெரிந்து தெளிவோம்

பயணச்சீட்டின் முழுத்தொகையும் நிறுவனத்தின் வருவாய் அன்று. அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், வானூர்தி நிலையத்துக்கான பயனர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை அதில் அடங்கும். சீட்டை நீக்கினாலும் பயணம் செய்யாமல் விட்டாலும் அரசு வரிகளையும் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் இந்திய நிறுவனங்கள் திருப்பித் தரவேண்டும் என்பது 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையிலுள்ள விதி. 'இச்சீட்டுக்குப் பணம் திரும்பாது' என்று முகவர் கூறினாலும் இத்தொகையைக் கேட்டுப் பெறலாம். பலர் கேட்பதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, பீன்யா இரண்டாம் கட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கொள்வோம். தந்தை எந்திரப் பட்டறையில் நாட்கூலிக்குப் பணிபுரிகிறார். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்கிறார். மக்கள் இருவர். தந்தையின் தங்கை திருமணமாகிக் கிள்ளான் சென்று பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அத்தையின் மூத்த மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர் இந்தத் தந்தையே. செல்லாமல் இருக்க இயலாது.

முதற்சிக்கல் தை மாதமே. தைப்பூசம் மலேசியாவில் பெருவிழா. சீனப் புத்தாண்டும் ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20 வரையுள்ள நாள்களுள் ஒன்றில் வரும். நம் திருமண மாதமும் சீனர்களின் பெருநாளும் ஒன்றையொன்று உரசும் காலம் அது. அவ்வாரங்களில் கூடைகள் விரைந்து காலியாகும். முன்னோர் காற்றின் பருவம் பார்த்தனர். நாம் விடுமுறையின் பருவம் பார்க்க வேண்டியுள்ளது. எனவே, ஐப்பசியிலேயே தேடத் தொடங்குவது நன்று. கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தேடுதளங்களில் மாதம் முழுமைக்குமான விலையை நாள்காட்டி வடிவில் காணலாம். விலை இறங்கினால் மின்னஞ்சல் அனுப்பும்படியும் அமைக்கலாம். 'செவ்வாய் நள்ளிரவில் வாங்கினால் மலிவு' என்பன போன்ற உறுதிமொழிகளை நம்பவேண்டா. வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமையே விலையை மாற்றுகிறது. வெள்ளி, ஞாயிறுகளைக் காட்டிலும் வார நடுவில் பறப்பது பெரும்பாலும் மலிவு.

இப்போது கணக்கு. இங்குள்ள தொகைகள் பயிற்சிக்காக அமைத்தவை.

பெங்களூருவிலிருந்து கோலாலம்பூர் சென்று திரும்ப, நால்வருக்குச் சேர்த்துத் தேடியபோது தலைக்கு ரூ. 14,800. மொத்தம் ரூ. 59,200. அதே வானூர்தியை இருவருக்கெனத் தேடியபோது தலைக்கு ரூ. 13,200. ஆகவே, இருவர் இருவராக இரண்டு முறை பதிவு செய்தால் 26,400 உடன் 29,600 சேர்ந்து ரூ. 56,000 ஆகிறது. எஞ்சுவது ரூ. 3,200. ஆனால், இவ்வாறு பிரிக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும். பிள்ளைகள் இருவரையும் தனிப்பதிவில் விடலாகாது. பயண நாள் மாற்றப்பட்டால் இரு பதிவுகளையும் நிறுவனம் தனித்தனியே கருதும் என்பதையும் நினைவில் கொள்க.

திருச்சியிலிருந்து பறந்தால் தலைக்கு ரூ. 11,900, நால்வருக்கு ரூ. 47,600. மைசூருவிலிருந்து பெங்களூரு வழியாகத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் செல்லும் விரைவுத் தொடர்வண்டி உண்டு. போக வரப் படுக்கைக் கட்டணம் ரூ. 2,400, வழியுணவும் தானிக் கூலியும் ரூ. 1,200. இதுவரை ரூ. 51,200. தந்தை கூடுதலாக இழக்கும் இரண்டு நாள் கூலி ரூ. 1,800. ஆக ரூ. 53,000. பெங்களூருக் கணக்கைவிட மூவாயிரம் குறைவு. அம்மூவாயிரத்துக்காக இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் கழிக்க வேண்டுமா? சொந்த ஊர் திருச்சிப் பக்கம் என்றால் வழியில் பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம். அப்போது அது இழப்பே அன்று. சொந்த ஊர் தருமபுரி என்றால் வேறு விடை வரும். பீன்யாவிலிருந்து கொரகுண்டேபாளையா, ஹெப்பாள் வழியாகத் தேவனஹள்ளி சேரும் செலவையும் பெங்களூருக் கணக்கில் சேர்க்கவேண்டும். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் வானூர்திகள் பல. பின்னிரவில் மெட்ரோ இராது. 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு வானூர்திகள் இரண்டாம் முனையத்திலிருந்தே புறப்படுகின்றன.

மூன்றாவது வழி ஒன்றும் திரையில் தோன்றும்: முதலில் கொழும்பு, அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் கோலாலம்பூர், தலைக்கு ரூ. 10,500. மலிவுதான். ஆனால், அவை இரண்டு தனிச்சீட்டுகள். முதல் வானூர்தி தாமதமானால் இரண்டாவது காத்திராது. அதன் பணமும் திரும்பாது. பொதியைக் கொழும்பில் இறக்கி, அந்நாட்டுக் குடிநுழைவைக் கடந்து, மீண்டும் ஒப்படைக்க நேரலாம். அதற்கு இலங்கையின் நுழைவிசைவும் வேண்டியிருக்கும். இரு பயணங்களும் ஒரே பதிவெண்ணில் இருந்தால் மட்டுமே, தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்று அடுத்த வானூர்தியில் ஏற்றும். இவ்வேறுபாட்டை அறியாது பெருந்தொகை இழப்போர் உளர். திருமண முகூர்த்தம் தவறினால் அதை எந்த நிறுவனமும் திருப்பித் தராது.

பொதியும் பெயரும்

மலிவுச் சீட்டில் கையில் எடுத்துச் செல்ல ஏழு கிலோ அளவே பெரும்பாலும் அனுமதி. சீர்வரிசை கொண்டுசெல்லும் குடும்பத்துக்கு அது போதாது. பொதிக்கான கட்டணத்தைச் சீட்டு எடுக்கும்போதே செலுத்தினால் குறைவு. நிலையத்தில் எடைபோட்டபின் செலுத்தினால் பன்மடங்கு. ஊறுகாய்ச் சாடியைக் கைப்பையில் வைக்காதீர்கள். அது நீர்மப் பொருளாகக் கருதப்படும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவர். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசை மிகுந்து தீப்பற்றக்கூடியதாதலால் இந்திய வானூர்திகளில் கொண்டுசெல்லத் தடை உண்டு. சீர்த்தட்டில் தேங்காய் வேண்டுமெனில் கிள்ளான் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

தமிழர்க்கே உரிய இடர் பெயரில் உள்ளது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. கடவுச்சீட்டில் அத்தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயராகிறது. சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் வெற்றிடமாகவே இருக்கும். பதிவுப் படிவமோ இரு கட்டங்களையும் நிரப்பினால்தான் நகரும். அவசரத்தில் ஊர்ப்பெயரையோ தலைப்பெழுத்தையோ எழுதிவிட்டால், சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒவ்வாமற்போகும். சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரு கட்டங்களிலும் எழுதச் சொல்கின்றன. வேறு சில, வேறு விதி வைத்துள்ளன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டுமே உள்ள இந்தியர்க்குச் சுற்றுலா நுழைவிசைவில் வர அனுமதியில்லை என்று அறிவித்தது. பல நூற்றாண்டுகளாக ஒரே பெயரோடு கடல் கடந்த மக்களுக்கு இது விந்தையான தடையே. ஆகவே, கடவுச்சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபின் பணம் செலுத்துக. கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்க்கு 30 நாள்கள் வரை நுழைவிசைவின்றி வர இசைவு அளித்தது. பயணத்துக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் மின்வழி வருகை அட்டையை நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் அரசின் தளம் அன்று. இத்தகைய விதிகள் மாறும் இயல்பின. சீட்டு எடுக்குமுன் அந்நாட்டு அரசின் தளத்தைப் பார்த்துக்கொள்க.

விலையில்லாச் சீட்டு

எல்லாவற்றிலும் மலிவானது இலவசச் சீட்டு. அதைப் பற்றி எழுதாமல் இப்பாடத்தை முடிக்க மனம் இடந்தரவில்லை.

'தாய்லாந்தில் கணினி வேலை. வானூர்திச் சீட்டு எங்கள் செலவு' என்ற அழைப்பை நம்பி 2022இல் இந்திய இளைஞர் பலர் பாங்காக் சென்றனர். அவர்களுள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். பாங்காக்கிலிருந்து எல்லை கடத்தி, மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையவழி மோசடி செய்யும் வேலையில் கட்டாயமாக அமர்த்தப்பட்டனர். மறுத்தவர் அடிபட்டனர். அரசு தலையிட்டு மீட்டு வந்தவர்கள் சென்னை வானூர்தி நிலையத்தில் வந்திறங்கிய செய்தி அவ்வாண்டு நாளிதழ்களில் இடம்பெற்றது. ஏமாந்தோர் பலர் படித்தவர்; கணினி அறிந்தவர்.

பீன்யாவில் உங்கள் அண்ணன்மார் கடைசல், பற்றவைப்பு, மின்பணி ஆகிய தொழில்களைக் கற்கின்றனர்; அவற்றுக்கு வெளிநாட்டில் தேவை உண்டு. எனவே, இத்தகைய அழைப்புகள் அவர்களைத் தேடி வரும். வேலைக்கென அழைப்பவர் சுற்றுலா நுழைவிசைவில் வரச்சொன்னால் அங்கேயே நின்றுவிடுக. அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி நடுவண் அரசிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்றப் பாதுகாப்பு அலுவலரின் இசைவும் பெறவேண்டும். வீண் அலைச்சல் என்று அதைத் தவிர்ப்பவரே பிறகு எவரிடமும் முறையிட இயலாமல் தவிக்கின்றனர்.

முகவரிடம் சீட்டு வாங்கினால், அவர் தரும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பதிவுக்குறியை வானூர்தி நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள். பெயரும் நாளும் தோன்றினால் சீட்டு உண்டு. தோன்றாவிடில் கையில் இருப்பது வெறும் தாள். பணத்தை இழந்ததாக அறிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால் வங்கிக் கணக்கில் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

சொல்லும் பொருளும்

உலங்கூர்தி – ஹெலிகாப்டர்
முனையம் – டெர்மினல்
நுழைவிசைவு – விசா
பொதி – பயணி கொண்டுசெல்லும் மூட்டை, பெட்டி
தானி – ஆட்டோ
சீர் – திருமணத்தில் உறவினர் முறைப்படி அளிக்கும் பொருள்

எண்ணி எழுதுக

1. மாலையில் கீரை விலை இறங்குகிறது. கடைசி நாளில் வானூர்திச் சீட்டின் விலை ஏறுகிறது. காரணம் யாது?

2. பாடத்தில் வரும் குடும்பம் 20 கிலோ பொதி இரண்டைப் போக வர எடுத்துச் செல்கிறது. பொதி ஒன்றுக்கு ஒருவழிக் கட்டணம் பெங்களூருவிலிருந்து ரூ. 2,500, திருச்சியிலிருந்து ரூ. 2,100 எனில், இரு வழிகளின் மொத்தச் செலவையும் மீண்டும் கணக்கிடுக. அக்குடும்பத்துக்கு நீங்கள் எவ்வழியைப் பரிந்துரைப்பீர்? தந்தைக்குக் கூறுவது போல எழுதுக.

3. உங்கள் வீட்டில் உள்ளோரின் கடவுச்சீட்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர்கள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன? வேறுபாடு இருப்பின் குறித்து வருக.

4. கப்பலிலோ வானூர்தியிலோ முதன்முறை கடல் கடந்த உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் உரையாடி, அவர் கொண்டுசென்ற பொருள்கள், செலுத்திய கட்டணம், அப்பணத்தைத் திரட்டிய வகை ஆகியவற்றைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.